கு. செல்வராணியின் முன்னெழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்து ஆரோக்கியம் போனில் கூப்பிட்டார். "அப்பு, நம்ம செல்வராணி போயிருச்சுப்பா" என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் அவர் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு வேலை தரும் பெங்களூரு கம்பெனி அனுப்பிய மலர்வளையமும் வந்து இறங்கியது. நாடாவில் கொட்டை எழுத்தில், "திரு. குழந்தைசாமி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று இருந்தது. குழந்தைசாமி செல்வராணியின் அப்பா. வாசலில் பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதுகிறேன். துக்கத்தால் மட்டும் இல்லை, ஆத்திரத்தாலும். எந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று அந்தப் பெண் தொண்டை வறளக் கத்தினாரோ, அதே தப்பை அவர் கால்மாட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அவரோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தோம். எண், எழுத்து, ஆம் அல்லது இல்லை, உலகத்தில் உள்ள எல்லாத் தகவலும் இதற்குள் அடங்கிவிடும் என்று ஆசிரியர் சொன்னார். செல்வராணி எழுந்து, "சார், எம் பேருக்கு முன்னால இருக்க 'கு' எங்கப்பா. அது வெறும் எழுத்தா, இல்ல ஒரு ஆளா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

பத்து வருடம் கழித்து அந்தக் கேள்வியே எங்கள் வேலையாக வந்து நின்றது. ஊர் ஊராக நடந்த மருத்துவ முகாம்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆள்வாரியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு கணினியால் ஆகாத வேலை. பழைய கணினிகள் சிலவற்றைக் கம்பியால் இணைத்து, வேலையைப் பிரித்துக் கொடுத்தோம். பெங்களூரு கேட்டது இரண்டே கட்டங்கள், முதல் பெயர், கடைசிப் பெயர். எங்கள் மேனேஜர் சொன்னபடி எல்லோருடைய அப்பா பெயரையும் கடைசிக் கட்டத்தில் தள்ளினோம். செல்வராணி மட்டும் மாட்டேன் என்றார். முன்னெழுத்து, பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருக்கும்படி சொந்தமாக ஒரு டேட்டா டைப், அதாவது புதுத் தகவல் வகை, எழுதினார்.

அது முதலில் ஓடவில்லை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனதும் பெயர் இருந்த இடத்தில் ஊர் நின்றது. இணையத்தில் ஒரு கேள்வி பதில் பக்கத்தில், "நான் புதியவள், சொந்த டைப் எழுதினேன், அடுத்த கணினியில் இடம் மாறி வருகிறது, ஏன்?" என்று கேட்டார். "இது நர்சரி பள்ளி இல்லை, போய்ப் படித்துவிட்டு வா" என்று எவனோ மூஞ்சியில் அடித்தாற்போல் எழுதினான். அதை அலுவலகத்தில் உரக்க வாசித்துக் காட்டியதும் நான்தான். என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் அழவில்லை. இரண்டு நாளில் தானே கண்டுபிடித்தார். எழுதி அனுப்பும்போது முன்னெழுத்து, பெயர், ஊர் என்று அனுப்பியவர், வாங்கிப் படிக்கும்போது முன்னெழுத்து, ஊர், பெயர் என்று வாங்கியிருந்தார். "அந்தப் பக்கத்து மெசினுக்கு நம்மளத் தெரியாதுப்பா. அனுப்புன வரிசையிலயே வாங்கணும். செத்த அசந்தா ஊரு ஆளாயிரும்" என்று என்னிடம் சொன்னார்.

வேலை முடிந்து அனுப்பும் நாளன்று நடந்ததை மறக்க முடியாது. அடுத்தடுத்த ஊர்களில் இரண்டு மு. பாண்டியம்மாள். இரண்டு பெயர்களை ஒப்பிடும்போது ஊரையும் பார்க்கச் சொல்ல மறந்திருந்தோம். கணினி இரண்டு பேரையும் ஒருத்தி ஆக்கிவிட்டது. ஒருத்திக்கு முற்றிய சர்க்கரை, இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை. "அனுப்பிட்டு அப்புறம் திருத்துவோம்மா" என்றார் மேனேஜர். செல்வராணி கணினியின் முன்னால் போய் நின்றுகொண்டார். "ரெண்டு பேரும் ஒருத்தி இல்ல சார். மாத்திரையும் அப்புறம் திருத்துவீங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டார். ஊரையும் ஒப்பிடச் சொல்லித் திருத்தினோம். பட்டியல் ஒரு நாள் தாமதமாகப் போனது, சரியாகப் போனது. பாராட்டுக் கடிதம் மட்டும் மேனேஜர் பெயருக்கு வந்தது.

இரங்கல் கூட்டத்தில் அதே மேனேஜர், "அடிப்படைக் கேள்விகளைக்கூடக் கேட்கத் தயங்காதவர்" என்று செல்வராணியைப் பற்றிப் பேசினார். அடிப்படையாம்! அந்த 'கு' யார் என்ற கேள்வியைப் பெங்களூரில் ஒருவராவது கேட்டிருந்தால் அப்படி ஒரு நாடா வந்திருக்குமா? ஆள் யார், அப்பா யார் என்று தெரியாமல், ஊழியர் பட்டியலில் செல்வராணிக்கு நேராகக் கடைசிக் கட்டத்தில் இருந்ததை அப்படியே அச்சடித்து அனுப்பினார்கள்.

அன்று அவர் வீட்டு வாசலிலேயே அந்த நாடாவைக் கிழிக்கப் போனேன். குழந்தைசாமி அய்யா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதப்பா. அவுக சரியாத்தேன் போட்ருக்காக. நாந்தேன் போயிருக்கணும்."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது, நான் சிரித்துச் சிரித்து வாசித்த அந்தக் கேள்வி அச்சான ஒரு தாள். அந்தப் பக்கத்தில் அதற்கு நேற்றுவரை அந்தத் திமிர் பிடித்த பதில் மட்டும்தான் இருந்தது. நேற்று அதன் கீழே அவர் சொன்ன பதிலை எழுதினேன். அனுப்பிய வரிசையிலேயே வாங்க வேண்டும், இரண்டு பேர் ஒருவர்தானா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் நாமேதான் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். பதில் சொல்பவரின் பெயர் கேட்டது. முதல் பெயர் என்ற கட்டத்தில் கு. செல்வராணி என்று முழுதாக எழுதினேன். கடைசிப் பெயர் இல்லாமல் ஏற்க மாட்டேன் என்றது. அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.