ஓசி சிடிக்காரன்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் திறமை, நாணயம் எல்லாம் இரண்டாம்பட்சம். பையில் திருட்டு சிடி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தஞ்சாவூரில் கடை வைத்திருந்த நான் அந்த முதல் கேள்வியிலேயே தோற்றவன். என் பையில் இருந்தது கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். எதிலும் குற்றமில்லை. இப்படி ஒரு பொருளைச் சும்மா கொடுக்கப் புறப்பட்டவன் என்ன பாடுபடுவான் என்பது இதே தொழிலில் உழன்றவர்களுக்குத் தெரியும்.

சுவரில் ஒரு வாசகம்

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. திருட்டு மென்பொருள் வைத்திருப்பவர்களைச் சோதனை போடுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, தாளாளர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். லேப் முழுவதும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் வந்த அன்றே படம் வரைந்தார்கள், கணக்குப் போட்டார்கள். எந்தச் சிஸ்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒரு தகப்பனார். "எல்லாரும் வச்சிருக்கிறது இங்க இல்லையா?" என்றாராம். மறுநாளே பழையபடி திருட்டு சிடியைப் போடச் சொல்லி ஆள் வந்தது. நான் போய்த் தாளாளரிடம் லேப் சுவரைக் காட்டினேன். 'நேர்மையே எங்கள் பள்ளியின் மூச்சு' என்று நீல பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"தம்பி, சுவத்துல எழுதினது பிள்ளைங்களுக்கு. லேப் பெத்தவங்களுக்கு."

வாப்பாவின் குரல்

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பெயர் ஜமீலா. கணவர் துபாயில் கடை வேலை. ஊரில் மாமனார் இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியாக மையத்து முகத்தைப் பார்க்க வர முடியாமல் போய்விட்டது. இறப்பதற்குச் சில நாள் முன்பு, மகனுக்கு அனுப்புவதற்காக மாமனாரை உட்கார வைத்து வீடியோ எடுத்திருக்கிறார் ஜமீலா. அனுப்புவதற்குள் வைரஸ் வந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளூரில் காட்டிய இடத்தில் எல்லாம் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றிருக்கிறார்கள். "அழிக்கிறதுக்கா அண்ணே இதைத் தூக்கிட்டு அலையறேன்?" என்றார். இப்போது கணவர் லீவில் வந்திருந்தார். கூடவே நின்றார்.

லினக்ஸ் சிடியிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை தெரிந்தன. வீடியோ பாதி கெட்டிருந்தது. முகமே தெரியாத யார் யாரோ கூடி எழுதி, சும்மா கொடுத்த ஒரு பிளேயரில் போட்டதும் ஓட ஆரம்பித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது, ஆனால் குரல் தெளிவாக வந்தது. பெரியவர் உருக்கமாக ஒன்றும் பேசவில்லை. மாடி ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் ஆள் பார்க்க வேண்டும், நீ நேரத்துக்குச் சாப்பிடு என்றார். அவ்வளவுதான். ஜமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் ஸ்கிரீனைத் தொட்டுக்கொண்டு நின்றார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். இத்தனை நாள் பட்ட அவமானத்துக்கு இது ஒன்று போதும் என்று நினைத்தேன்.

வீடியோவைக் காப்பி எடுத்துக் கொடுத்ததும் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "உங்களை மறக்க மாட்டேன் அண்ணே. இப்ப இந்த ஓசி சிஸ்டத்தை எடுத்துட்டு ஒரிஜினல் போட்டுடுங்க" என்றார். ஒரிஜினல் வாங்கியிருக்கிறீர்களா பாய் என்று கேட்டேன்.

"ஒரிஜினல்தாண்ணே. பக்கத்து வீட்டுலேருந்து காப்பி பண்ணி வச்சிருக்கேன்."

எழுத்து எல்லாருக்கும் தெரிந்தால்

நன்னிலத்தில் ஒரு பத்திர எழுத்தர். நஞ்சை எது, வாய்க்கால் கரை யாருக்கு என்று ஊர் நிலமெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் கிடந்தது, அதுவும் எவனோ கொடுத்த ஒரு தமிழ் ஃபான்டில். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் அத்தனையும் கோணல்மாணலான குறிகளாகத் தெரிந்தன. மனிதர் வெலவெலத்துவிட்டார். அந்த ஃபான்ட் செய்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றிக் காட்டினேன். இனி எந்த மெஷினிலும், எந்த ஊரிலும் திறக்கும், ஒரு கம்பெனியை நம்பி இருக்க வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்தார். "அப்ப எதிர்க்கடைக்காரனும் திறப்பானா?" என்றார். திறக்கலாம் என்றேன். உடனே புது மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுப் பழையதைத் தூசி தட்ட ஆரம்பித்தார். பெரிய கம்பெனிகள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கண்டுபிடித்த வியாபார சூட்சுமத்தை அவர் வேட்டியோடு ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

"எழுத்து எல்லாருக்கும் தெரிஞ்சா பார்ட்டி ஏன் சார் நம்மகிட்டயே திரும்பி வரப்போறான்?"

கருத்தரங்கம்

ஒரு பொறியியல் கல்லூரியில் 'திறந்த மூல மென்பொருளின் எதிர்காலம்' என்று கருத்தரங்கம் வைத்து என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் கொண்டுபோன பேச்சு ஃபைல் அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. பரவாயில்லை என்று ஒரு விளையாட்டு மென்பொருளின் உள்ளே போய், ஆங்கிலத்தில் இருந்த வரிகளை அவர்கள் கண்முன்னாலேயே தமிழாக்கி ஓட்டிக் காட்டினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "நாங்களே இப்படி மாத்தலாமா சார்? யாருகிட்டயும் கேக்க வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அரங்கில் கொஞ்சம் சலசலப்பு வந்தது. மகிழ்ந்துபோனேன்.

அந்த மகிழ்ச்சி நன்றியுரை வரைதான். துறைத்தலைவர் மைக்கைப் பிடித்தார். எங்கே மாணவர்கள் நிஜமாகவே எதையாவது செய்து தொலைக்கப் போகிறார்களோ என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"யாரும் இன்ஸ்டால் பண்ணிப் பார்க்க வேண்டாம். ரெஸ்யூமேல மட்டும் போட்டுக்குங்க."

செல்வி போன பாதை

என் கடையில் செல்வி என்றொரு பெண் வேலை பார்த்தாள். திருவையாற்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு நாள், ஆபீஸ் மென்பொருளின் தமிழ்ப் பதிப்பில் ஃபைலைச் சேமிக்கும் இடத்தில் 'காப்பாற்று' என்றிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "யாரைண்ணே காப்பாத்தணும்?" என்றாள். சிரித்ததோடு விடவில்லை. அதையும் அதைப்போல இருந்த மற்றவற்றையும் திருத்தி அனுப்பினாள். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஏற்றுக்கொண்டு மென்பொருளை உருவாக்கியவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்தார். அவள் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கூலி இல்லாமல் நாற்று நட யாராவது போவார்களா என்று என்னிடமே வந்து கேட்டார். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் சென்னையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து ஜெர்மனி போனாள்.

லீவில் வந்தவள் கடைக்கும் வந்தாள். என்னம்மா வேலை என்று விசாரித்தேன். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமும்.

"நாம இங்க சும்மா குடுத்தோமே, அதையேதாண்ணே எங்க கம்பெனி பேரை மாத்தி வருஷ வாடகைக்கு விடுது. இப்ப யாரும் சந்தேகப்படுறதே இல்ல."

ஆகவே திறந்த மூல மென்பொருளுக்கு அமோகமான எதிர்காலம் உண்டு. பயன்படுத்துகிறவர்களிடம் மட்டும் அது சும்மா கிடைப்பது என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.