திங்கட்கிழமை நிறுவை

மங்களம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து நான் பார்த்தது மிகக் குறைவு. பண்டா ஹிலிரில் ஒரு கடைவீட்டு மாடியில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்மாவு அனுப்பும் எங்கள் பால் குழுவின் அலுவலகம் இருந்தது. அவருக்கென்று அங்கே ஒரு நாற்காலி உண்டு. அதன் முதுகில் குடையை மாட்டிவிட்டு, நின்றபடியே அறிக்கை எழுதுவார். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் பக்கம் போய்ப் பேருந்து வருகிறதா என்று பார்ப்பார். நான் அங்கே எழுத்தராக இருந்தேன்.

அவர் 1925இல் மலாக்கா நகரில் பிறந்தவர். தந்தை அரசாங்க மருத்துவமனையில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு நின்றது, கல்யாணமும் நடந்தது. சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட கணவர் திரும்பவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. 1950இல் குழு தொடங்கியதும் வேலைக்கு வந்தார்.

வேலை இதுதான். எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு பால்மாவு வேண்டும் என்று மாதத்துக்கு முன்பே திட்டம் போட வேண்டும். பிறகு, அனுப்பிய பால் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு நிறுவைதான் சான்று. ஆயாக் கொட்டகையின் உத்தரத்தில் சுருள்வில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளையை வைத்து நிறுப்பார். தாய்மார்கள் மரங்களில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அந்தக் கொட்டகை. எடை ஏறினால் பால் போய்ச் சேருகிறது. ஏறாவிட்டால் வேறெங்கோ போகிறது. குழுவின் விதி அப்படி.

அவசரகாலத்தில் அந்த 'வேறெங்கோ' என்பதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூட எட்டக் கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு நடந்தது. உணவு லாரி போலீஸ் காவலோடு குறித்த நாளில்தான் போகும். பால்மாவு டின் ஒவ்வொன்றையும் கேட்டிலேயே ஆணியால் குத்தித்தான் உள்ளே விடுவார்கள். ஓட்டை விழுந்த டின் சீக்கிரம் கெட்டுவிடும், பதுக்கி வைக்க முடியாது என்பது எண்ணம்.

1951 கடைசியில் செர்காம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எடை ஏறவில்லை. மங்களம் அப்படியே எழுதினார். பால் நின்றது. அங்கே ஆயாவாக இருந்த குஞ்சம்மாவைப் போலீஸ் இரண்டு முறை அழைத்து விசாரித்தது. ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் ஆயா வேலை போயிற்று. அந்த அறிக்கையை எழுதிய நாளிலிருந்து மங்களத்துக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்தது பதினாலாங்கட்டைத் தோட்டம். ஜாசினைத் தாண்டி உள்ளே போக வேண்டும். 1952 ஜனவரி 17, வியாழக்கிழமை, குழுவின் செயலாளரான வெள்ளைக்காரச் சீமாட்டியே நேரில் வந்து பால் வழங்கலைத் தொடங்கிவைத்தார். அன்றே முதல் நிறுவையும் எடுத்தோம். அதன் பிறகு காவல் லாரி மாதத்தின் முதல் திங்கட்கிழமைதான் போகும் என்றானது. நிறுவையும் திங்கட்கிழமைக்கு மாறியது.

பிப்ரவரியில் முக்கால்வாசிப் பிள்ளைகள் எடை குறைந்திருந்தார்கள். மார்ச்சில் ஜனவரி எடையைத் தொட்டார்கள், அவ்வளவுதான். ஒன்றரை மாதம் பால் குடித்த பிள்ளைகள்!

மார்ச் நிறுவையன்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வேலிக் காவலர் ஒருவர் கொட்டகை அலமாரியிலிருந்து நான்கு டின்களை எடுத்துவந்து தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தம்புசாமியின் முன்னால் வைத்தார். ஆணி குத்திய ஓட்டைகளெல்லாம் ரப்பரால் அடைக்கப்பட்டிருந்தன.

தம்புசாமி தலையில் கைவைத்தார். "என்னா ஆயா இது? டின்னுக்குக் காயம்பட்டாப்ல மருந்து வச்சுக் கட்டியிருக்க?"

ஆயா முனியாயிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. குரல் மட்டும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வரை கேட்கும். "எறும்பு பூருது கிராணி. மழைக்கு மாவு கட்டி தட்டுது. மரத்துல காஞ்ச ஒட்டுப்பால கொஞ்சம் உருட்டி அடைச்சேன். அது ஒரு குத்தமா?"

"காட்டுக்காரனுக்குப் பார்சல் கட்றேன்னு சொல்லிடுவான்லா அந்தப் போலீஸ் இன்ஸ்பெக்டரு."

"சொல்லட்டும். காட்டுக்காரன் என்ன எம் மடியிலயா படுத்திருக்கான், பால் ஊட்ட?"

கூட்டம் சிரித்தது. மங்களம் சிரிக்கவில்லை. குழுவில் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினார். ஏப்ரல் ஏழாம் தேதி இன்ஸ்பெக்டரும் செயலாளரும் லாரியோடு வருவார்கள். அவர்கள் கண்ணெதிரே நிறுவை. அன்றும் எடை ஏறவில்லையென்றால் பால் நிற்கும். முனியாயியைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த மாதம் முழுவதும் மங்களம் அலுவலகத்தில் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பேனாவை எடுப்பார், மூடுவார். மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி, திரும்பி வருவார். "முனியாயி எடுக்கிறாளா, எடுக்கலையா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னையே பலமுறை கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தார். லாரி வருவதற்கு முந்தின நாள், ஏப்ரல் ஆறு, ஞாயிறு. ஜாசின் வரை முதல் பேருந்து, அப்புறம் வாடகை டாக்சி, முச்சந்தியிலிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் தனி நடை. சருகு விழுந்தாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்ததாகச் சொன்னார். காட்டுக்காரர்களுக்குப் பயமா, தன்னைக் காட்டுக்காரி என்று காவலர்கள் சுட்டுவிடுவார்களோ என்ற பயமா என்று அவருக்கே தெரியவில்லையாம்.

கேட்டில் பையைக் கொட்டிச் சோதித்த பிறகு உள்ளே விட்டார்கள். ஞாயிறு தாய்மார்கள் வீட்டிலிருக்கும் நாள் என்பதால் கொட்டகை பூட்டியிருந்தது. ஆனால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பின்பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. போய்ப் பார்த்தார்.

கால்வாய் ஓரமாகப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ராமாத்தாள் என்ற தாய் தன் இரண்டரை வயது மகனின் மூக்கைப் பிடித்துக் கடுங்காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். காப்பியின் மேல் எண்ணெய் மிதந்தது.

"என்ன ராமாத்தா இது?"

"வாங்க மிஸ்ஸி! இன்னிக்கா நிறுவை? நாளைக்கில்ல சொன்னாங்க." மகன் துப்பியதை முந்தானையால் துடைத்தாள். "விளக்கெண்ண. நேத்து சம்பளம் போட்டாங்க, கடையில வாங்கியாந்தோம். மாசம் ஒருக்கா பேதிக்குக் குடுத்துருவோம். மத்த நாள்ல குடுத்தா யாரு கழுவுறது? காலங்காத்தால பெரட்டுக்குப் போவணுமே."

"மாசா மாசமா? எல்லா வீட்லயுமா?"

"சம்பளத்துக்கு மறுநா ஞாயிறு, லயமே இப்பிடித்தான். வெறும் ரச சோறு. பால் கண்ணுலயே காட்டக் கூடாது. நாளைக்கும் வேணாம்னு ஆயாகிட்ட சொல்லிருவோம்."

மங்களம் கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்தாராம். அவர் வீட்டிலும் பேதிக்குக் கொடுப்பது உண்டு. ஆனால் நகரத்தில் பள்ளி விடுமுறைக்கு ஒருமுறை, மருத்துவமனைக் கணக்குப்படி. சம்பள நாளும் ஞாயிற்றுக்கிழமையும் காவல் லாரியும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்பதை அவர் யோசித்ததில்லை. வயிற்றைக் காலி செய்து, சோறும் பாலும் குறைத்த மறுநாள் காலையில்தான் அந்தப் பிள்ளைகளை நாங்கள் தராசில் வைத்திருக்கிறோம்.

உடனே முனியாயி வீட்டுக்குப் போனார். "ஏன் ஆயா என்கிட்ட சொல்லல?"

"எதை?"

"பேதிக்குக் குடுக்கிறதை."

முனியாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளைங்களுக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாட்டுறாங்க, அதச் சொன்னனா? பேன் பாக்குறாங்க, அதச் சொன்னனா? இதெல்லாம் ஒரு சேதியா மிஸ்ஸி?"

அன்றிரவு கிராணி வீட்டில் தங்கினார். மறுநாள் லாரியில் நானும் நிறுவை எழுதப் போனேன். மங்களம் கேட்டில் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் இறங்குவதற்குள் பேசத் தொடங்கினார்: இன்று நிறுங்கள், வியாழக்கிழமையும் நிறுங்கள், நடுவில் பிள்ளைகள் வழக்கம்போல் சாப்பிடட்டும், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். காரணத்தைச் செயலாளர் சீமாட்டிக்கு ஆங்கிலத்தில் விளக்கும்போது மட்டும் அவர் குரல் தேய்ந்தது. சீமாட்டி முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு காது வரை சிவந்தார். இன்ஸ்பெக்டர் டின்களைக் காட்டினார். "இதுவும் பேதிதானா?" ஆனாலும் மூன்று நாள் கொடுத்தார். காவலர் ஒருவர் கொட்டகை வாசலில் நின்றார். எறும்பும் ஈரமும் என்று முனியாயி சொன்னது நிஜமா என்று பார்க்க, அடைத்த டின் இரண்டு, அடைக்காத டின் இரண்டு, இன்ஸ்பெக்டரின் முத்திரையோடு அலமாரியில் இருந்தன.

மங்களமும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அந்த மூன்று நாளும் அவர் கொட்டகையில் முன்னும் பின்னும் நடந்தபடியே இருந்தாராம். சந்தேகம் முழுதாகப் போகவில்லை. பேதியும் உண்மை, திருட்டும் உண்மை என்று இருந்துவிட்டால்?

"மிஸ்ஸி, நீங்க நடக்குற நடையில சிமெண்டுத் தரை தேஞ்சிரும்லா. சித்த உக்காருங்க" என்றாள் முனியாயி. வண்டி தனக்காகத்தான் வரப்போகிறது என்று தெரிந்தும், அவள் பாட்டுக்குப் பாலைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை புதுத் தலைவலி வந்தது. விஷயம் லயம் முழுவதும் பரவியிருந்தது. தாய்மார்கள் மறுநாள் நிறுவைக்காகப் பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் மரவள்ளிக்கிழங்கும் திணிக்கத் தொடங்கினார்கள். மங்களம் வீடு வீடாக ஓடினார். "ஊட்டாதீங்க! நிதமும் சாப்பிடறது போதும்!"

ராமாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "கொறஞ்சாலும் குத்தம், கூடினாலும் குத்தமா? நீங்களே ஒரு எடை சொல்லுங்க மிஸ்ஸி, அதுக்கேத்தாப்ல பெத்துத் தர்றோம்."

வியாழன் காலை இன்ஸ்பெக்டர் போலீஸ் லாரியில் வந்தார், நிறுவை எழுத நானும் கூடப் போனேன். தராசின் முள்ளை அவரே குனிந்து பார்த்தார். ராமாத்தாளின் மகன் திங்கட்கிழமையைவிட முக்கால் ராத்தல் கூடியிருந்தான். அடுத்த பிள்ளை அரை ராத்தல். அப்படியே வரிசையாக. ஜனவரி வியாழனோடு ஒப்பிட்டபோது, காய்ச்சலில் கிடந்த இரண்டு பேரைத் தவிர எல்லோரும் ஏறியிருந்தார்கள். பால் பிள்ளைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்து டின்களைத் திறந்தார். அடைக்காத டின்களில் மாவு கட்டி தட்டி, எறும்பு மொய்த்தது. ஒட்டுப்பால் அடைத்த டின்களில் மாவு உதிரியாக இருந்தது. அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சட்டம் சட்டம்தான், இனி ஓட்டையை அடைக்கக் கூடாது என்றார். தம்புசாமி கடையிலிருந்து மூடியுள்ள பிஸ்கட் போத்தல் இரண்டு வாங்கித் தந்தார். மாவு அதற்கு மாறியது.

"இதை மொதல்லயே குடுத்திருந்தா எதுக்கு இந்தக் கூத்து?" என்றாள் முனியாயி. வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு, அவள் கொட்டகையின் பின்னால் போய்த் தனியாக நின்றிருந்ததாகத் தம்புசாமி பின்னொரு நாள் சொன்னார்.

திரும்பும் வழியில் லாரியில் எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். மங்களம் மட்டும் வெளியே பார்த்தபடி வந்தார். ஜாசின் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "செர்காம் தோட்டத்துக்கும் நாம திங்கட்கிழமைதான் போனோம்" என்றார்.

மறு ஞாயிறே அங்கே போனார். விசாரித்தபோது அங்கும் அதே வழக்கம்தான். அந்தத் தோட்டத்துக்குப் பால் மீண்டும் தொடங்க வேண்டும், தன் பழைய அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தார். குழு ஏற்றுக்கொண்டது. ஆயா வேலையையும் திருப்பிக் கொடுக்கத் தோட்டத்தார் சம்மதித்தார்கள். அதைச் சொல்ல மங்களம் தனியாகப் போனார். குஞ்சம்மா அப்போது புல் வெட்டும் கூட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அன்று நடந்ததை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

குஞ்சம்மா கத்தியை நிறுத்தவில்லையாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றாள்.

"தப்புதான் குஞ்சம்மாக்கா. கொட்டகைக்குத் திரும்பி வந்துடுங்க."

"பிள்ளைங்க பால் குடிக்கட்டும். நல்லா இருக்கட்டும். நான் புல்லே வெட்டிக்கிறேன்." அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள். "புல்லு என்னைய யாருகிட்டயும் எழுதிக் குடுக்காது."

அதன் பிறகு திட்டமே மாறியது. எந்தத் தோட்டத்திலும் சம்பள வாரத்தில் நிறுவை கிடையாது. தராசை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாயிடமும், நேற்று பிள்ளை என்ன சாப்பிட்டது, பேதிக்குக் கொடுத்தீர்களா என்று மங்களம் கேட்பார். 'பேதி மிஸ்ஸி' என்று லயங்களில் பெயர் விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 1961இல் குழு கலையும் வரை அந்த வேலையைச் செய்தார். பிறகு ஆயர் குரோ பக்கம் தங்கை வீட்டில் இருந்தார். 1988இல் காலமானார்.

செர்காம் தோட்டத்துக்கு அவரோடு பலமுறை போயிருக்கிறேன். கேட்டில் இறங்கியதும் கொட்டகைக்குப் போக மாட்டார். முதலில் புல் வெட்டும் இடத்தைத் தேடிப் போய், "குஞ்சம்மாக்கா, இன்னிக்கு நிறுக்கப் போறோம். நிறுக்கலாமா?" என்று கேட்பார்.

குஞ்சம்மா நிமிராமலே பதில் சொல்வாள். பெரும்பாலும் "ம்" என்பாள். ஒருமுறை மட்டும், "வேணாம். நேத்து திருவிழா, பிள்ளைங்க தூங்கல" என்றாள். அன்று தராசைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தோம்.