எம்பி என்றால் எந்த எம்பி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து படங்களையும் பாட்டுகளையும் எடுத்துக் கொடுப்பதுதான் மயிலாப்பூரில் என் பிழைப்பு. டிஸ்க்கைக் கையில் வாங்கும்போதே எவ்வளவு நேரத்தில் காப்பியாகும் என்று மனக்கணக்காகச் சொல்லி அசத்துவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமை ஒரு நாள் சந்தி சிரித்தது.

சாந்தோம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டி வயது இருக்கும். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பல வருடம் வேதாகமம் வாசித்தவர். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அந்த அம்மாதான் சொன்னார். அவர் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவுமாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கோயில்ல இவர் வாசிச்சதெல்லாம் இதுலதாம்மா இருக்கு. வேற எங்கயும் இல்ல. எனக்கு அந்தக் குரல் வேணும்," என்றார் அந்த அம்மா. மாதா கோயிலைத்தான் அவர்கள் வெறுமனே கோயில் என்பார்கள்.

டிஸ்க் அரதப்பழசு. கழற்றி வேறு கேபிளில் மாட்டிப் பார்த்தேன், மூச்சே விடவில்லை. அதனுடைய சொந்தப் பெட்டியில் திருப்பி வைத்தால் மட்டும் சுற்றியது. சுற்றுகிற சத்தமே சரியில்லை. சூடேறினால் நின்றுவிடும், ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம் என்று தோன்றியது. அதை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியின் அடியில் வேகம் விநாடிக்குப் பன்னிரண்டு எம்பி என்று அச்சிட்டிருந்தது. உள்ளே மொத்தம் பதினெட்டாயிரம் எம்பி. பன்னிரண்டால் வகுத்தால் ஆயிரத்து ஐந்நூறு விநாடி.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. இருபத்தஞ்சு நிமிஷம்தான். மொத்தத்தையும் அள்ளிடலாம்," என்றேன்.

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்," என்றார்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்கக்கூட இல்லை. அதுதான் நேரம் இருக்கிறதே என்று மேலிருந்து வரிசையாக ஓடவிட்டேன். முதலில் இருந்தது யாரோ போட்டுக் கொடுத்த சினிமாப் பாட்டுக் குவியல்.

இருபது நிமிடம் போயிருக்கும். வாத்தியார் திரையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார். 'இருபது நிமிடம். வர வேண்டியது 14400. வந்தது 1800. சரியாக எட்டு மடங்கு குறைவு. பெட்டியில் இருப்பது பிட்டா, பைட்டா?'

பெட்டியைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். எம்முக்குப் பக்கத்தில் சின்ன b, பெரிய B இல்லை. மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பன்னிரண்டு என்று நான் நினைத்தது உண்மையில் ஒன்றரை. இருபத்தைந்து நிமிடம் இல்லை, மூன்று மணி இருபது நிமிடம். நம் ஊரில் நெட் வேகமும் எம்பி, பாட்டின் அளவும் எம்பி. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தையைச் சொல்கிற வாய் எனக்கு. கண்ணுக்கு நேரே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை, வாய்க்குப் பழகியதைப் படித்திருக்கிறேன். என்னையே நாலு அறை அறையலாம் போல் இருந்தது.

"தப்பு என்னுதுதான் சார்," என்று காப்பியை நிறுத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டில் வகுத்தல் போட ஆரம்பித்துவிட்டார். 'கோயில்' என்ற ஃபோல்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். டிஸ்க்குக்கு மிச்சம் இருப்பது நாற்பது நிமிடம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். 'ஒத்திகை' என்று சின்னதாக இன்னொன்று இருந்தது. சனிக்கிழமைகளில் வீட்டில் வாசித்துப் பழகியதாம். அதற்குப் பத்தே நிமிடம். அவர் அதன்மேல் ஒரு டிக் போட்டார்.

"அது எதுக்குங்க? நின்னு நின்னு, தப்புத் தப்பா வாசிச்சிருப்பீங்க. கோயில்ல வாசிச்சதையே எடுக்கச் சொல்லுங்க. வந்த வரைக்கும் வரட்டும்," என்று அந்த அம்மா கெஞ்சினார். அவர் முடியாது என்று தலையாட்டி, 'முழுசாக வருவது முதலில்' என்று எழுதினார்.

ஒத்திகை வந்து சேர்ந்தது. அடுத்து கோயிலை ஓடவிட்ட நாலாவது நிமிடம் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். வந்தது பாதி ஃபைல், அதுவும் திறக்கவில்லை. சினிமாப் பாட்டுக்குக் கொடுத்த அந்த இருபது நிமிடத்தை நினைத்து அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வந்ததையாவது கேட்கட்டும் என்று ஒத்திகையில் முதல் ஃபைலைப் போட்டேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு கனமான, நிதானமான ஒரு குரல் இரண்டு வரி வாசித்தது. மூன்றாவது வரியில் பாதியில் நின்று, வீட்டுப் பேச்சுக்கு மாறியது.

"ஏம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தேன். சத்தம் இதுல விழுது."

"இதோங்க," என்று அந்த அம்மா எழுந்தார். என் கடைச் சுவரில் ஸ்விட்சைத் தேடிப் பிடித்து, ஃபேனை நிறுத்திய பிறகுதான் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.