இடம் பார்க்காமல் போட்ட பிளான்

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், அதற்குப் பிளான் போடுகிறவனைத் தேடிப் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வீடு கட்டி நொந்தவர்களே, உங்களை நோகடித்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். போளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில், பதினெட்டு வருஷமாகப் பிளான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரே கேள்வி

வெள்ளையன் மலைமேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டுக்காரர். சாமையும் புளியும்தான் பிழைப்பு. புளி உலுக்க மரமேறிய மகள் செல்வி விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, இரண்டு வருஷமாக வீல்சேரில் இருக்கிறாள். அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் நடமாட ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

எனக்கு முன்னால் இரண்டு என்ஜினியர்களைப் பார்த்திருக்கிறார். ஒருத்தர் கம்ப்யூட்டரில் கலர் கலராக மாடி வீடு காட்டினாராம். இன்னொருத்தர் பேசவே நேரமில்லை என்றாராம். மலைக்கு வந்து மனையைப் பார்ப்பீர்களா என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். நான் அதற்கென்ன, வர்றேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க ஒருத்தர்தான் சார் வர்றேன்னு சொன்னீங்க. உங்ககிட்டயே குடுத்துடறேன்."

நிலைப்படி

அடுத்த முறை மனைவி ராஜம்மாவோடு வந்தார். கதவெல்லாம் அகலமாக வேண்டும், எந்த வாசலிலும் நிலைப்படி இருக்கக் கூடாது, சக்கரம் இடிக்கும் என்றேன். அந்தம்மாவுக்கு முகம் வாடிப்போயிற்று. வெள்ளிக்கிழமையானால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற இடம் ஆயிற்றே. படி இல்லாத வீட்டில் லட்சுமி எப்படித் தங்கும் என்று புருஷனிடம் மெதுவாகக் கேட்டார். அப்புறம் அந்தம்மாவே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"படி இல்லாட்டி போவுது சார். எம்பொண்ணு தானா வரணும், தானா போவணும்."

நான் போன லட்சணம்

மலைக்குப் போக மூன்று தடவை நாள் குறித்தேன். ஒரு தடவை மழை. ஒரு தடவை மச்சினன் வீட்டுக் கல்யாணம். மூன்றாவது தடவைக்குக் காரணமே இல்லை. அந்த வளைவுகளில் பஸ் ஏறினால் எனக்குக் குமட்டும், அவ்வளவுதான். சோம்பேறித்தனத்துக்கு எத்தனை பேர் வைத்தால் என்ன?

கயிறு பிடித்து அளந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள் என்றேன். பாவம், ஒரு அங்குலம் பிசகாமல் அனுப்பினார். அதை வைத்துக்கொண்டே போட்டுவிட்டேன். எல்லாரும் கிழக்கு வாசல்தான் கேட்பார்கள் என்று கையே பழக்கத்தில் கிழக்கே வாசல் வைத்துவிட்டது. என் ஆபீசில் கம்ப்யூட்டரில் வரைகிற ரேவதி ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கே பாடம் சொல்கிறாயா என்று அவள்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

"மலை எடம் சார், எந்தப் பக்கம் சரிவுன்னு ஒரு போனாவது போட்டுக் கேளுங்க."

புதுமனை

கிருகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வந்தது. அதற்கு மட்டும் போனேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி ஷேர் ஜீப் பிடித்துப் போய் இறங்கினேன். மனை கிழக்கே சரிந்து கிடந்தது. என் தாளில் தரை ஒரே மட்டம் அல்லவா? மேற்கே தரையோடு இருந்த வீடு, கிழக்கே நாலடி தூக்கி நின்றது. வாசலுக்கு ஏழு படி. செல்வியை வீல்சேரோடு அப்பாவும் சித்தப்பாவும் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்கால் உயரும்போதே, வாசல் இவ்வளவு உயரத்தில் வருகிறதே என்று வெள்ளையன் மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார். என்ஜினியர் கையெழுத்துப் போட்ட தாளை மாற்ற நான் யார் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். இவரும், சார் ஏதாவது யோசித்துத்தான் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார். நான் யோசித்தேனாம்!

உள்ளே செல்வி சமையலறை, பாத்ரூம் என்று தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய் எனக்குச் சுற்றிக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் காட்டினாள். வாசல் வந்ததும் நின்றுவிட்டாள். நாலடி ஏறச் சாய்தளம் கட்ட ஐம்பதடி நீளம் வேண்டும். முன்னால் பத்தடி, அப்புறம் ஓடை. இரண்டு பக்கமும் பாறை. மேற்குச் சுவரை உடைக்கலாம் என்றால், அங்கேதான் பாத்ரூமும் அதையொட்டி செப்டிக் டேங்கும் போட்டு வைத்திருக்கிறேன். பந்தியில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். கை கழுவுகிற இடத்தில் வெள்ளையனிடம் மன்னிப்புக் கேட்டு அழுதுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"மேக்கால வாசல் வச்சிருந்தா தரையோட போயிருக்குமே. கெழக்குதான் வேணும்னு நாங்க கேக்கவே இல்லீங்களே சார்?"

இப்போது, இடத்தைப் பார்க்காமல் கோடு போடமாட்டார் என்று போளூரில் எனக்கு நல்ல பேர். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவள், யாராவது வந்து தூக்கி இறக்குவார்களா என்று மலையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.