அடைப்புக்குறி

அரசாங்கக் கந்தோரொன்றில் பல வருடங்களாக நான் தற்காலிகக் காவலாளி. நிரந்தரமாக்குவதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைய வேண்டும் என்றார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கவேண்டிய காலத்தில் சண்டைக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தவன் நான். ஏற்கெனவே எழுதித் தவறியிருந்தேன். வயதெல்லை நெருங்கிவிட்டதால் இதுதான் கடைசித் தடவை.

வங்காலையில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி மனைவிதான் சொல்லித் தந்தாள். அவள் கணிதத்தில் கெட்டிக்காரி. கூட்டல், பெருக்கல் எனக்கு வரும். வசனத்தை x போட்டு அட்சரகணிதக் கோவையாக எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

“ஒரு எண்ணிலிருந்து ஐந்தைக் கழித்து வருவதன் இருமடங்கு” என்று வாசித்தாள். நான் 2x − 5 என்று எழுதினேன்.

“இல்லையப்பா. ரெண்டு கூடையிலையும் ஒரே அளவு மீன் கிடக்கு. ஒவ்வொண்டிலயிருந்தும் அஞ்சு எடுக்கிறீங்கள். அப்ப மொத்தமா எத்தனை போச்சுது?”

“பத்து.”

“நீங்கள் அஞ்சுதானே கழிச்சிருக்கிறீங்கள். முதல்ல நடந்ததை அடைப்புக்குள்ள போடுங்கோ.”

2(x − 5) என்று எழுதினேன். அவள் முகம் மலர்ந்தது. அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பரீட்சை மன்னார் ரவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில். என் பிள்ளை வயதுடையவர்களுக்கு நடுவில் இருந்து எழுதினேன். வெளியே வந்தபோது வாசலில் மனைவி வெயிலுக்குள் நின்றாள்.

“கோவை வந்ததே?”

“ஓம். ஒரு எண்ணின் இருமடங்கிலிருந்து ஐந்தைக் கழிக்கட்டாம். மறக்காமல் x − 5ஐ அடைப்புக்குள்ள போட்டனான்.”

அவளுடைய உதடுகள் அந்த வசனத்தை ஒருதரம் முணுமுணுத்தன. இந்த வசனத்தில் இருமடங்குதான் முதலில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சரியாத்தான் இருக்கும். வாங்கோ, பஸ் போயிடும்” என்றாள்.

பஸ்ஸில் மற்றக் கேள்விகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு கேள்வியோடு போயிருந்தால் பரவாயில்லை. அடைப்பு வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று தெரியாமல் கண்ட இடமெல்லாம் போட்டிருந்தேன்.

பெறுபேறு வந்த அன்று அவளே போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு, “சாப்பிடுங்கோ” என்றாள்.

அந்த மாதமே என் இடத்துக்கு ஒருவரை நியமித்தார்கள். மரியாதையான மனிதர், என்னை ‘அண்ணன்’ என்றார். எந்தப் படலைப் பூட்டுக்கு எந்தத் திறப்பு, தண்ணீர் மோட்டரை எப்படிப் போடுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கும்படி கந்தோர் மேலதிகாரி சொன்னார்.

சொல்லிக் கொடுத்தேன்.