நெய் மணத்த கல்யாணப் பந்தல்

ஊரில் எல்லோரும் வாழைமரம் கட்டி, கீற்றுப் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வார்கள். எனக்கு வாய்த்தது ஒரு நெய் வண்டியின் தார்ப்பாய். அதுவும் ஊருக்குள் இல்லை, கரட்டுக் குன்றின் அடியில், வேல மரங்களுக்கு நடுவில். கேட்பவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். பாவமாவது ஒன்றாவது! அப்படி ஒரு கல்யாணம் மறுபடி நடக்குமென்றால் நாளைக்கே மணையில் உட்கார நான் தயார். மாப்பிள்ளை மட்டும் அவரேதான் வேண்டும்.

அது ஐப்பசி மாதம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் ஊரில் ஒரு வீட்டு விட்டத்திலிருந்து எலி செத்து விழுந்தது. மறுநாள் இன்னொரு வீட்டில். அந்தக் காலத்தில் எலி விழுந்தால் பிளேக் வருகிறது என்று அர்த்தம். யாரும் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊரோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். சீக்கு ஓய்ந்தது என்று தெரிந்த பிறகுதான் திரும்புவது. அந்த வருஷம் எலிகளைத் தவிர எங்கள் ஊரில் ஒரு உயிரும் போகவில்லை, மாரியாத்தா புண்ணியம். ஆனால் அது கிளம்புகிற அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்தில் காடு என்றால் சோளம் விதைக்கிற நிலம். நாங்கள் போனது முள்ளும் மரமுமாக இருந்த நிஜக் காடு. அம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். “கல்யாணப் பொண்ணக் காட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறமே, இந்தக் கூத்து எங்காச்சும் உண்டா சாமி!” எனக்கோ உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஊரே ஒரே நாளில் வெளியில் வந்து அடுப்பு மூட்டினால் அது திருவிழா இல்லாமல் வேறென்ன?

அவரவர் கையில் கிடைத்ததைக் கொண்டு கூரை போட்டார்கள். பனையோலைப் பாய், சாக்கு, பழைய சேலை. எங்களுக்கு மட்டும் ராசபோகம். அம்மாவின் தம்பி, என் மாமா, ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு நெய் ஓட்டுகிறவர். கல்யாணத்துக்காக வண்டியோடு வந்தவர் எங்களோடு மாட்டிக்கொண்டார். அவர் வண்டியை மூடுகிற தார்ப்பாய்தான் எங்கள் வீடு. வருஷக்கணக்காக நெய் குடித்த பாய் அது. மழை அதன் மேல் ஒட்டாமல் உருண்டு ஓடும். ஆனால் எறும்புகளுக்குச் சேதி போய்விட்டது. நாங்கள் குடியேறுவதற்கு முன்பே அவை குடியேறிவிட்டன.

இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன் மேல் பாயைப் போட்டு, ஓரங்களை இழுத்துக் கட்டுவதாகத் திட்டம். பாயின் மூலைகளில் கயிறு கோக்கிற ஓட்டையெல்லாம் கிழிந்து கிடந்தது. அப்பாவும் மாமாவும் தலையைச் சொறிந்தார்கள். நான் ஒரு கூழாங்கல்லை எடுத்து, பாயின் மூலைக்குள் வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கி முடிந்தேன். முந்தானையில் காசு முடிகிறவளுக்கு இது ஒரு வித்தையா? எவ்வளவு இழுத்தாலும் கயிறு நழுவவில்லை. நான்கு மூலைக்கும் நான்கு கல்.

அப்போதும் நடுவில் பாய் தொய்ந்து தொங்கியது. முட்டுக் கொடுக்க ஒரு நேரான கம்பு வேண்டும். காட்டில் கம்புக்கா பஞ்சம்? ஆனால் எல்லாம் கோணல், எல்லாம் முள். தூறலும் ஆரம்பித்துவிட்டது. மாமா பொறுமை இல்லாதவர். வண்டியின் நுகத்தடியைக் கழற்றிக்கொண்டு வந்து, குழி தோண்டி நட்டுவிட்டார். பாய் நிமிர்ந்தது. ஆனாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முகூர்த்தக்கால் நடுவதாக இருந்தது. நட்ட கம்பைப் பார்த்ததும் அம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. மஞ்சள் துணியைக் கட்டி, வேப்பங்கொத்தைச் செருகி, பால் தெளித்துக் கும்பிட்டுவிட்டாள்.

அப்பா கத்தினார். “ஏண்டி, இது மழைக்கு நட்டதுடி! வண்டி நுகத்தடி!”

“நட்டாச்சு, மஞ்சத்துணியும் கட்டியாச்சு. இனி இது முகூர்த்தக்காலுங்க. கல்யாணம் முடியற வரைக்கும் ஆரும் தொடப்படாது.”

“அப்ப என்ற வண்டி?” என்றார் மாமா பரிதாபமாக.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் தெரிந்தது அப்பா தேர்ந்தெடுத்த இடத்தின் லட்சணம். மற்றவர்கள் மேட்டில் கல்லும் கரடுமாகப் படுத்திருக்க, அப்பா மட்டும் மெத்து மெத்தென்று சமமாக இருந்த இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தார். அது ஏன் சமமாக இருந்தது என்று யோசிக்கவில்லை. கரட்டில் விழுந்த மழையெல்லாம் எங்கள் வீட்டுக்கே விருந்துக்கு வந்தது. மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை, கீழே கணுக்கால் தண்ணீர். நான் மூட்டையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பாயைப் பிரித்து மேட்டுக்குப் போகலாம் என்றார். அம்மா நுகத்தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “காலப் புடுங்குனா கல்யாணமே நின்னுருமுங்க!” அந்தச் சண்டையைப் பார்க்க மேட்டிலிருந்து கூட்டம் கூடியது.

இந்த நேரத்தில்தான் எங்கள் இடத்துக்குக் கீழே ஓடிய ஓடைக்கு அக்கரையிலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் ஊர் அக்கரையில் இருந்தது. எங்கள் ஊரில் எலி விழுந்ததும் அவர்கள் முள்ளை வெட்டிப் பாதையை அடைத்திருந்தார்கள். அது எல்லா ஊரும் செய்வதுதான், குற்றமில்லை. இப்போது ஆள் அனுப்பிச் சொன்னார்கள்: கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம், இக்கரைக்கு வருகிறவர் யாரானாலும், நாங்கள் ஊர் திரும்புகிற வரைக்கும் அவர்கள் ஊருக்குள் நுழைய முடியாது.

அம்மா தண்ணீரில் நின்றபடி அடித்தொண்டையில் கத்தினாள். “கால் நட்டாச்சுங்க! மாப்பிளகிட்டச் சொல்லுங்க, முகூர்த்தக்கால் நட்டாச்சு!”

என் கும்மாளமெல்லாம் அந்த நிமிஷத்தில் வடிந்துவிட்டது. கால் நட்ட பிறகு கல்யாணம் நின்றால் பழி பெண்ணுக்குத்தான். ராசியில்லாதவள் என்பார்கள். தை மாதத்தில் அவர் மனசு எப்படி இருக்குமோ? அவரைச் சந்தையில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தேன், அதுவும் முதுகை. அந்த முதுகுக்காக அன்று அழுதேன். மூட்டை மேல் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், மூக்கு சிவக்க அழுதேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். மழை சற்று விட்டிருந்தது. அக்கரையில் ஐந்தாறு குடைகள் தெரிந்தன. ஒரு ஆள் மட்டும் தலையில் ஒரு மூட்டையும் தோளில் மம்பட்டியுமாக ஓடையில் இறங்கினார்.

“ஏனுங்க மாமா, வரலாமுங்களா?” என்று அப்பாவைக் கேட்டார்.

“வாங்க மாப்பிள, வாங்க வாங்க” என்று அம்மா அழுதாள், சிரித்தாள்.

மூட்டையில் கூறைப்புடவையும் தாலியும் இருந்தன. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் குனிந்து உள்ளே பார்த்தார். குளம். நடுவில் மஞ்சள் துணி கட்டிய கால். அப்பா, “மேட்டுக்கு மாத்தலாமுன்னு பார்த்தா இவ விட மாட்டேங்கறா. அது வெறும்…” என்று ஆரம்பித்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மீதியை விழுங்கிவிட்டார்.

மாப்பிள்ளை அந்தக் காலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார், “கால நவுத்த வேண்டாமுங்க அத்தை. தண்ணிய நவுத்திரலாம்.”

பாய்க்கு மேல்பக்கத்தில், சரிவின் குறுக்கே, பிறை மாதிரி வளைத்து வாய்க்கால் வெட்டினார். வருகிற தண்ணீர் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போனது. வெட்டிய மண்ணை உள்ளே கொட்டி மிதித்தார். காற்று வரும் பக்கத்துப் பாயைத் தரையோடு தாழ்த்தினார். அதற்காக மூலையைத் தொட்டவர் நின்றுவிட்டார். “இது ஆரு கட்டுனதுங்க?”

கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாதாம். யார் கேட்டார்கள்? “நாந்தானுங்க” என்று தலையை நீட்டினேன்.

“நல்ல முடிச்சு” என்றார். அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

விடியக்காலையில் முகூர்த்தம். கல்யாணம் செய்துவைக்கும் அருமைக்காரர் எங்கள் ஊர்க்காரர், மேட்டில் இரண்டு சாக்குக் கூரை தள்ளி இருந்தவர். அவரும் முதுகை வளைத்துக்கொண்டே எல்லாச் சீரும் செய்தார். எறும்புகள் மணையில் ஏறின. தாலி ஏறும்போது அக்கரைக்காரர்கள் மேளத்தை அங்கிருந்தே கொட்டி, அரிசியை அங்கிருந்தே வீசினார்கள். ஒரு மணிகூட எங்களை எட்டவில்லை. ஓடை மீன்களுக்கு அன்று கல்யாண விருந்து.

மாப்பிள்ளை ஊர் திரும்ப முடியாது அல்லவா? மார்கழி முடிகிற வரைக்கும் எங்களோடுதான் இருந்தார். சோளச் சோறும் களியும்தான் மறுவிருந்து. காட்டில் யார் கூரை ஒழுகினாலும் மம்பட்டியோடு அவர் போவார், கூழாங்கல்லோடு நான் போவேன். புதுப்பெண் இப்படி அலையலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள், தங்கள் கூரை ஒழுகுகிற வரைக்கும்.

வெகு வருஷம் கழித்து, எங்கள் பிள்ளைகளெல்லாம் தலையெடுத்த பிறகு, ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெல்லச் சொன்னேன். “உங்களுக்கு ஒரு சங்கதி தெரியாதுங்க. அது முகூர்த்தக்காலே இல்லீங்க. மாமன் வண்டி நுகத்தடி.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “மாட்டக் கட்டி உழுகறவனுக்கு நுகத்தடி தெரியாதாக்கும்? அன்னைக்கே பார்த்துட்டேன். ஒத்த மாட்டுக்கு நுகத்தடி எதுக்கு? சரி, மத்த மாடு நாந்தான்னு நெனச்சுக்கிட்டு மம்பட்டியத் தூக்குனேன்.”

என்னை மாடு என்றதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கோபம் வரவில்லை. அவர் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினேன்.