மார்வாவின் ஒரு நிமிடம்

ஜாஸ் அரங்கில் இருக்கை காட்டுகிறவளுக்கு இசை பாதிதான் கேட்கும். மீதி நேரம் பார்வையாளர்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். கையில் டோர்ச் விளக்கோடு வாசலில் நின்று பிழைப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

முடிந்தது என்று நினைத்தவர்

இந்த மாதம் எங்கள் லண்டன் அரங்கில் மார்வாவின் குழு. நிறவெறிக்கு எதிராகப் போராடிய தலைவர்களுக்கு, ஆளுக்கொரு இசையாக அவரே அமைத்து சாக்ஸபோன் வாசிக்கிறார். கடைசி இசை, சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவருக்கு. உச்சத்தில் மார்வா அந்தத் தலைவரின் பெயரைச் சொல்வார். எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கும். ஒரு நிமிட மௌனம். பிறகு பேஸ் வாத்தியம் மட்டும் மெல்லத் தொடங்க வேண்டும்.

ஜாஸ் ரசிகர்களுக்கோ இடையிடையே கைதட்டிப் பழக்கம். முதல் நாளே மௌனத்தின் நடுவில் ஒருவர் விசிலடித்துத் தட்ட, அரங்கமே சேர்ந்துகொண்டது. வெளியே போகும்போது அவர் என்னிடம் கேட்டார்: "பிரமாதம்! ஆனால் நாங்கள் தட்டும்போது அந்தப் பெண்மணி ஏன் கண்ணை மூடிக்கொண்டார்?"

வாசலில் என் குரல்

அடுத்த நாள் மேலாளர் என்னை வாசலில் நிறுத்தினார். வருகிறவர்களிடம் எல்லாம், "இடையில் ஒரு மௌனம் வரும், தயவுசெய்து கைதட்டாதீர்கள்" என்று நான் சொல்ல வேண்டும். எனக்கோ பேருந்தில் "இறங்க வேண்டும்" என்று சொல்லவே கூச்சம். ஒரு முதியவர் காதை என் பக்கம் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ இப்போது சொன்னதுதான் அந்த மௌனமா?"

அன்றும் தட்டினார்கள்.

முன்வரிசை

ஞாயிறு பிற்பகல் கச்சேரியை ஒலிப்பதிவு செய்கிறார்கள். மறுபடி எடுக்க வழியில்லை.

நல்ல மழை. என்னை ஏற்றிப்போக அப்பா, செல்வம் மாமாவோடு தெற்கு லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டார். மேலாளர் இருவரையும் காலியாகக் கிடந்த முன்வரிசையில் இருத்திவிட்டார். கச்சேரியில் வாய்விட்டு "ஆகா" போடுகிற செல்வம் மாமா! எச்சரிக்க நேரமில்லை, விளக்கு அணைந்துவிட்டது.

மார்வா பெயரைச் சொன்னார். எல்லாம் நின்றது. அப்பா எழுந்தார். மாமாவும் எழுந்தார். இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களுக்கு அடுத்த வரிசை எழுந்தது, அதற்குப் பின்னால் அரங்கமே. கதிரைகள் கிரீச்சிட்டன, அவ்வளவுதான் சத்தம். பேஸ் வழக்கத்தைவிடத் தாமதமாகவே தொடங்கியது.

முடிந்ததும் மார்வா இறங்கி வந்து, இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்: "தலைவற்ற பேரைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டினா, எங்கட கூட்டங்களிலை மாதிரி எழும்பி நிண்டு அகவணக்கம்தானே பிள்ளை, இதுக்கு ஆர் சொல்லித்தரவேணும்?"

இப்போது மார்வா எங்கே வாசித்தாலும் முன்வரிசையில் அவர்களுக்கு இரண்டு கதிரைகள் காத்திருக்கின்றன. எனக்கு இன்னமும் டோர்ச்தான்.